மேலயா, கீழயா?

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு பிரமாணம் இருக்கிறது. நாஞ்சில் நாட்டில் பழைய ஆட்கள் பத்திரத்தைப் பிரமாணம் என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குத் தெற்கே இருக்கும் தென்னந்தோப்பு எங்கள் குடும்பத்துக்கு வந்த விவரம் அதில் எழுதியிருக்கிறது. தோப்புக் கிணற்றுக்குப் போகும் நடைபாதை யாருடையது என்று சித்தப்பா வீட்டோடு ஒரு சின்ன மனத்தாங்கல் வந்தபோது, அப்பா பெட்டியைத் திறந்து அதை வெளியே எடுத்தார். தாள் கெட்டியாக இருந்தது. மை மங்கவில்லை. ஒரு எழுத்துகூட அழியவில்லை. ஆனால் வீட்டில் ஒருவராலும் அதைப் படிக்க முடியவில்லை. முழுக்க மலையாளம்.

என்னால் வாசிக்க முடிந்தது ஒரே ஒரு எண்ணை மட்டும்தான்: 1109. முதலாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்த காலம். அவ்வளவு பழைய குடும்பமா நாம் என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த தெருவில் ஒரு பாட்டா இருக்கிறார், தொண்ணூறை நெருங்குகிறவர், சின்ன வயதில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர் சிரித்தார். “மக்களே, இது கொல்ல வருசம்லா. எண்ணூத்தி இருவத்தஞ்சக் கூட்டிப் பாரு.” மேடம் மாதம் 1109. அதாவது 1934, சித்திரை.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. அதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த இணைப்பைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் வீடுவீடாகப் பெட்டிகளில் இருந்த தாள்களை யாரும் இணைக்கவில்லை. மண் இந்தப் பக்கம் வந்தது. மண்ணைப் பற்றிய எழுத்து அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

பாட்டா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, சம்பந்தமே இல்லாமல், கல்லூரி இறுதியாண்டில் எனக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு ஞாபகத்துக்கு வந்தது.

*

இறுதியாண்டு புராஜெக்டுக்காக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தண்ணீர் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் ஒரு மின்சுற்றுப் பலகையை வடிவமைத்தோம். மேலே ஒரு செம்பு லேயர், கீழே ஒரு செம்பு லேயர். பிசிபி செய்து தரும் ஒரு சின்னப் பட்டறைக்கு ஃபைல்களை அனுப்பினோம். பத்து நாளில் போர்டு வந்தது. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கீழ் லேயர் முழுவதும் இடவலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல அச்சாகியிருந்தது. ஐசியின் கால்கள் ஒரு பக்கம், அவற்றுக்கான இணைப்புகள் எதிர்ப்பக்கம். மொத்தமும் குப்பை. தவறு யாருடையது என்று சண்டை போடக்கூட எங்களுக்குத் தெரியவில்லை. காசு மட்டும் எங்களுடையது.

இரண்டாவது முறை அனுப்பியபோதுதான் அந்த அழைப்பு வந்தது. பட்டறையில் கணினி முன்னால் உட்காரும் ஒரு அண்ணன். “தம்பி, இந்த ரெண்டாவது ஃபைல் மேலயா, கீழயா? கீழன்னா நாங்க கண்ணாடி போடணுமா, நீங்களே போட்டு அனுப்பிருக்கீங்களா?” எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். “அடுத்த தடவை செம்புலயே ஏதாவது எழுத்துப் போட்டு அனுப்புங்க. எழுத்து நேராத் தெரிஞ்சா மேல. திரும்பித் தெரிஞ்சா கீழ. எங்களுக்கு வேற எப்படித் தெரியும்?”

அந்தக் கடைசிக் கேள்வி என்னோடு பல வருடங்கள் இருந்தது. எல்லாவற்றையும் கணினியில் வரைகிறோம். எது மேல் லேயர், எது கீழ் லேயர் என்பது வரையும் மென்பொருளுக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருக்க, வரைந்த இடத்துக்கும் செய்யும் இடத்துக்கும் நடுவில் அந்தத் தகவல் எங்கே தொலைகிறது? பதில் தேடினால் கதை வியன்னா வரைக்கும் போகிறது.

*

பிசிபி என்பதன் விரிவு ‘பிரின்டட் சர்க்யூட் போர்டு’. பெயரிலேயே அச்சு இருக்கிறது. பவுல் ஐஸ்லர் 1907-இல் வியன்னாவில் பிறந்த யூதர், பொறியியல் படித்தவர். யூத வெறுப்பு முற்றிய சூழலில் 1936-இல் இங்கிலாந்துக்குப் போனார். அந்தக் காலத்து ரேடியோவைத் திறந்தால் உள்ளே கம்பிக் காடு. ஒவ்வொரு கம்பியையும் ஆள் உட்கார்ந்து பற்றவைக்க வேண்டும். ஐஸ்லர் அச்சுக்காரனைப்போல யோசித்தார். மின்கடத்தாத பலகையில் செம்புத் தகட்டை ஒட்டு. மின்சாரம் போகவேண்டிய பாதைகளை மட்டும் மூடு. மிச்சச் செம்பை ரசாயனத்தில் கரைத்துவிடு. ஒரு படம் இருந்தால் ஆயிரம் பிரதி. லண்டனில் அவருக்கு இடம் கொடுத்தது ஹெண்டர்சன் அண்ட் ஸ்பால்டிங் என்ற லித்தோ அச்சகம். 1943-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போரில் குண்டுகளின் ஃப்யூஸ்களுக்குள் அச்சுச் சுற்றுகள் போயின. 1948-இல் அமெரிக்கா அந்த உத்தியை வணிகப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது.

அந்தப் படத்தை வரைவது பெரிய வேலை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் கருப்பு டேப்பைக் கையால் ஒட்டுவார்கள், நிஜ அளவைவிட இரண்டு அல்லது நான்கு மடங்கு பெரிதாக. பிறகு கேமராவால் சுருக்கி ஃபிலிம் எடுப்பார்கள். டேப் ஒரு நூல் நகர்ந்தாலும் போர்டு போச்சு.

இங்கே வருகிறார் இரண்டாவது வியன்னாக்காரர். ஜோசப் கெர்பர், 1924-இல் பிறந்தவர், இவரும் யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி 1940-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பதினைந்து, பதினாறு வயது. கல்லூரியில் வரைபடக் கணக்குகளைப் போடும்போது, பைஜாமாவின் இடுப்பு எலாஸ்டிக்கை உருவி, அதில் சம இடைவெளியில் கோடுகள் போட்டு, இழுத்தால் நீளும் அளவுகோலாக ஆக்கிக்கொண்டார். எந்த அளவுக்கு இழுத்தாலும் கோடுகளுக்கு நடுவே விகிதம் மாறாது. அதிலிருந்து ஒரு கருவி; 1948-இல் அதைச் செய்து விற்க ஒரு நிறுவனம். ஆயத்த ஆடைத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கெர்பர் என்றால் துணி வெட்டும் இயந்திரம் ஞாபகம் வரும். அதே கெர்பர்தான்.

1960-களில் அவருடைய நிறுவனம் ஃபோட்டோபிளாட்டர் என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பேனாவுக்குப் பதிலாக ஒளியால் ஃபிலிமில் நேரடியாக வரையும். உள்ளே ஒரு சக்கரம். அதில் பெரும்பாலும் 24 துளைகள். வட்டம், சதுரம், சிறியது, பெரியது என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். மெல்லிய கோடு வேண்டுமென்றால் சக்கரம் சுழன்று சின்ன வட்டத் துளையைக் கொண்டுவந்து நிறுத்தும். ஒளி அதன் வழியாக விழும். இயந்திரத்துக்கான கட்டளைகள் மிக எளிமையானவை. டி10 என்றால் பத்தாம் எண் துளையை எடு. டி02 என்றால் விளக்கை அணைத்து நகரு. டி01 என்றால் விளக்கோடு நகரு, கோடு விழும். டி03 என்றால் நின்ற இடத்தில் ஒரு முறை மின்னு, ஒரு புள்ளி விழும். இயந்திரப் பட்டறைகளில் இரும்பைக் கடையும் இயந்திரங்களுக்கு ஏற்கெனவே இருந்த ஆர்எஸ்-274-டி என்ற அமெரிக்கத் தரத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, 1980-இல் இந்தக் கட்டளைகளைக் கெர்பர் நிறுவனம் புத்தகமாக வெளியிட்டது. கெர்பர் ஃபார்மட் இப்படித்தான் பிறந்தது.

முக்கியமான விஷயம் அந்தப் புத்தகம். போட்டி நிறுவனங்கள் அதைப் படித்தன. தங்கள் இயந்திரங்களும் அதே மொழியைப் புரிந்துகொள்ளும்படி செய்தன. வரைபட மென்பொருள் எழுதுகிறவர்களும் அதையே எழுத ஆரம்பித்தார்கள். கெர்பரின் இயந்திரத்தை வாங்காதவர்களும் கெர்பரின் மொழியைப் பேசினார்கள்.

*

ஆனால் அந்த மொழியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. டி10 என்பது பத்தாம் எண் துளை. சரி, பத்தாம் எண் துளையில் என்ன வடிவம்? அது ஃபைலில் இல்லை. அது சக்கரத்தில் இருக்கிறது. சக்கரம் ஆலையில் இருக்கிறது. ஆகவே ஃபைலோடு கூட, எந்த எண் எந்த வடிவம் என்று ஒரு பட்டியலைத் தனியாக அனுப்ப வேண்டும். அதற்கென்று ஒரு வரையறையும் கிடையாது. ஒருவர் கையால் எழுதி அனுப்புவார், இன்னொருவர் தட்டச்சு செய்து அனுப்புவார். ஆலையில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த அவஸ்தையை விளக்கவே வேண்டாம். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கதை ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினால், எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். கதை முழுவதும் உள்ளேதான் இருக்கும். எந்த எண் எந்த எழுத்து என்ற பட்டியல் மட்டும் இருக்காது.

அளவிலும் இதே சிக்கல். எங்கள் பக்கம் நெல்லைக் கோட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். நிலத்தையும் எத்தனை கோட்டை விதைப்பாடு என்றுதான் சொல்வார்கள். ஆனால் எந்த மரக்கால் என்று கேட்காமல் கணக்கை முடித்தால் அடிதடிதான். கன்னியாகுமரி மாவட்டம் உண்டான அதே 1956-இல்தான் நாடாளுமன்றம் எடை அளவுச் சட்டத்தை நிறைவேற்றி நாட்டை மெட்ரிக் முறைக்குத் திருப்பியது.

பழைய கெர்பர் ஃபைலிலும் துளைபோடும் டிரில் ஃபைலிலும் எண்களில் புள்ளி கிடையாது. இடத்தை மிச்சப்படுத்த, தேவையில்லாத பூஜ்ஜியங்களை வெட்டிவிடுவார்கள். எக்ஸ்15 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குலக் கணக்கில் முன்னால் இரண்டு இலக்கம், பின்னால் நான்கு இலக்கம் என்பது ஏற்பாடு. முன்னால் இருந்த பூஜ்ஜியங்களை வெட்டியிருந்தால் அது 0.0015 அங்குலம். பின்னால் இருந்ததை வெட்டியிருந்தால் 15 அங்குலம். ஒரே எழுத்து, 10,000 மடங்கு வித்தியாசம். எதை வெட்டினார்கள் என்பது ஃபைலில் எழுதியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 15 அங்குலம் வந்தால் போர்டுக்கு வெளியே போகிறது, அதனால் அது தவறாக இருக்கும் என்று ஆலையில் இருப்பவர் ஊகிப்பார்.

இந்த ஊகம் ஒரு தொழிலாகவே ஆனது. எங்களுக்கு அழைத்த அந்த அண்ணன் செய்துகொண்டிருந்தது அதைத்தான். கேம் இன்ஜினியர் என்பார்கள். வடிவமைத்தவரின் கணினியில் பேட், டிரேஸ், வயா, தரை இணைப்பு என்று எல்லாம் தனித்தனியாகப் பெயரோடு இருக்கும். கெர்பராக மாற்றும்போது எல்லாம் வெறும் கருப்பு வடிவங்களாக ஆகிவிடும். ஆலையில் இருப்பவர் அந்தக் கருப்பு வடிவங்களைப் பார்த்து, இது பேடாகத்தான் இருக்கும், இது வயாவாகத்தான் இருக்கும் என்று திரும்பவும் பெயர்களைக் கண்டுபிடிப்பார். ஒருவர் தெரிந்தே மறந்ததை இன்னொருவர் சிரமப்பட்டு ஞாபகப்படுத்திக்கொள்ளும் வேலை.

*

1998-இல் எக்ஸ்டென்டட் கெர்பர், அதாவது ஆர்எஸ்-274-எக்ஸ், வெளியானது. வடிவங்களின் பட்டியல் ஃபைலுக்குள்ளேயே வந்தது. அங்குலமா மில்லிமீட்டரா, எந்தப் பூஜ்ஜியம் வெட்டப்பட்டது என்பதெல்லாம் ஃபைலின் தலைப்பிலேயே எழுதப்பட்டது. சக்கரத்துளை இயந்திரங்களின் இடத்தை லேசர் இயந்திரங்கள் பிடித்துவிட்ட காலம் அது. சக்கரம் போனபின்னும் சக்கரத்தின் எண்கள் மட்டும் தங்கிவிட்டன. இன்றும் துளைகளின் எண்வரிசை பத்திலிருந்துதான் தொடங்குகிறது.

பட்டியல் வந்தாலும் பொருள் வரவில்லை. எந்த ஃபைல் எந்த லேயர்? தெரியாது. எது பேட்? தெரியாது. எந்தக் கம்பி எதோடு சேர வேண்டும்? தெரியாது. இந்த இடத்தில் இஸ்ரேலில் 1992-இல் தொடங்கிய வேலோர் என்ற நிறுவனம் நுழைந்தது. (நம் வேலூருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அவர்கள் கொண்டுவந்த ஓடிபி என்ற ஃபார்மட், பாகங்களின் விவரங்களும் சேர்ந்து 1997 வாக்கில் ஓடிபி++ ஆனது. இதில் படம் மட்டுமில்லை. லேயர்களின் வரிசை, துளைகள், இணைப்புகள், எந்தப் பாகம் எங்கே உட்காரும் என்பது வரை ஒரே இடத்தில் இருக்கும். ஆலைகளுக்குப் பிடித்துப்போனது. ஊகிக்கும் வேலை குறைந்தது.

பிரச்சினை வேறு இடத்திலிருந்து வந்தது. 2010-இல் வேலோரை மென்டர் கிராஃபிக்ஸ் வாங்கியது. மென்டர், பிசிபி வடிவமைப்பு மென்பொருள் விற்கும் பெரிய நிறுவனங்களில் ஒன்று. கேடன்ஸ் போன்ற போட்டியாளர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். தங்கள் வாடிக்கையாளர் வரைந்ததை ஆலைக்கு எடுத்துப்போகும் வண்டி, நேற்றுவரை மூன்றாம் ஆளுடையது. இன்று எதிர்க் கடைக்காரருடையது. மென்டர் பிறகு சீமென்ஸின் கைக்குப் போனது. ஓடிபி++-இன் விவரக்குறிப்பை இன்று காசு கொடுக்காமலே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அடுத்த பதிப்பில் என்ன இருக்க வேண்டும் என்ற கடைசி வார்த்தை உரிமையாளருடையது.

மாற்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. யாரும் சீண்டாமல் கிடந்தது. 1957-இல் ஆறு பிசிபி உற்பத்தியாளர்கள் சேர்ந்து தொடங்கிய ஐபிசி என்ற தொழில்துறை அமைப்பு, 2004-இல் ஐபிசி-2581 என்ற தரத்தை வெளியிட்டிருந்தது. ஓடிபி++-இன் எக்ஸ்எம்எல் வடிவத்தையும் ஜென்கேம் என்ற இன்னொரு முயற்சியையும் கலந்து செய்தது. ஒரே ஃபைலில் எல்லாமும். ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமில்லை. ஆனாலும் ஏழு வருடம் தூங்கியது. மென்பொருள்காரர்கள், எந்த ஆலை இதைக் கேட்கிறது என்றார்கள். ஆலைக்காரர்கள், எந்த மென்பொருள் இதை எழுதுகிறது என்றார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதை. மென்டர் வேலோரை வாங்கிய மறுவருடம், 2011-இல், அதை எழுப்ப ஒரு கூட்டமைப்பு உருவானது. நல்லெண்ணம் ஏழு வருடத்தில் செய்யாததைப் பயம் ஒரே வருடத்தில் செய்தது.

கெர்பரும் சும்மா இருக்கவில்லை. அந்த ஃபார்மட்டின் உரிமை இதற்குள் பெல்ஜியத்தின் பார்கோவிடம் போய், பின்னர் கென்ட் நகரத்தின் யூகேம்கோவிடம் வந்திருந்தது. 2014-இல் அவர்கள் கெர்பர் எக்ஸ்2-ஐ வெளியிட்டார்கள். அதே வருடம், பட்டியலில்லாத பழைய ஆர்எஸ்-274-டி இனி செல்லாது என்றும் அறிவித்தார்கள். எக்ஸ்2-இல் படத்தோடு குறிப்புகள் வந்தன: இது மேல் செம்பு, இது கீழ் செம்பு, இது வயா, இது பாகத்தின் பேட். எனக்குப் பிடித்த விஷயம் அந்தக் குறிப்புகளை அவர்கள் சேர்த்த விதம். குறிப்பைப் புரிந்துகொள்ளத் தெரியாத பழைய மென்பொருள் அதைத் தாண்டிப் போனாலும் படம் மாறாது. புதியவனுக்குப் பொருள் கிடைக்கும். பழையவனுக்குப் படமாவது கிடைக்கும். 2020-இல் வந்த எக்ஸ்3-இல் பாகங்களின் விவரமும் சேர்ந்தது. விவரக்குறிப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெர்பரும் ஒரு நிறுவனத்தின் சொத்துதான். கமிட்டி போட்டுச் செய்த தரம் ஏழு வருடம் தூங்க, ஒரு கம்பெனியின் ஃபார்மட் நாற்பது வருடமாக ஓடுகிறது. அப்படியானால் ‘திறந்த’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? யாருக்குச் சொந்தம் என்பது ஒரு கேள்வி. அதைவிட முந்திய கேள்வி, சங்கிலியின் கடைசியில் இருப்பவர், இருப்பதிலேயே பழைய மென்பொருளோடு சின்னப் பட்டறையில் உட்கார்ந்திருப்பவர், யாரிடமும் அனுமதி கேட்காமல் அதைத் திறந்து படிக்க முடிகிறதா என்பது. கெர்பர் பிழைத்தது அவரால்தான். அவருக்காகவே இத்தனை வருடம் பொருளில்லாத படத்தோடு தொழில் தேங்கிக்கிடந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

*

இதெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பங்காளிச் சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். 1984-இல் சாம் பிட்ரோடாவின் முனைப்பில் சி-டாட் தொடங்கப்பட்டபோது கொடுக்கப்பட்டது 36 மாதம், 36 கோடி ரூபாய். அவர்கள் செய்த 128 போர்ட் கிராமத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்கு ஏசி அறை வேண்டாம். நம் ஊர் வெயிலைத் தாங்கும். 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் வைத்தார்கள். சி-டாட்டுக்குச் சொந்த ஆலை இல்லை. வடிவமைப்பு ஒரு இடத்தில். ஐடிஐ போன்ற பொதுத்துறை ஆலைகளும் தனியார் ஆலைகளும் உரிமம் வாங்கி உற்பத்தி செய்தன. ஒரே எக்ஸ்சேஞ்சைப் பல ஊர்களில், வடிவமைத்தவரைப் பார்த்தே இராதவர்கள் செய்து, எல்லாம் ஒன்றுபோல வேலை செய்ய வேண்டும். அந்த வெற்றியில் பாதி, அடுத்தவர் படித்துச் செய்யும்படி எழுதிவைத்ததில் இருக்கிறது.

இன்னும் அருகில் ஓர் உதாரணம். 2025 பிப்ரவரியில் சென்னை ஐஐடியும் இஸ்ரோவும் ஐரிஸ் என்ற சில்லை இயக்கிக் காட்டின. ஐஐடியின் சக்தி செயலியை அடிப்படையாகக் கொண்டது. சக்தியோ ஆர்ஐஎஸ்சி-வி என்ற திறந்த கட்டளைத் தொகுப்பின் மேல் கட்டப்பட்டது. அது வேண்டும் என்று கேட்டது எங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடக்கூடிய திருவனந்தபுரத்தின் இஸ்ரோ பிரிவு. இஸ்ரோவின் அப்போதைய தலைவர் வி. நாராயணன் நாகர்கோவில் பக்கத்துக்காரர். சில்லை வடித்தது சண்டிகர். அதை உறையிலிட்டது கர்நாடகம். அது உட்காரும் மதர்போர்டின் பிசிபியைச் செய்தது குஜராத். பாகங்களைப் பொருத்தியது சென்னை.

இத்தனை ஊர்களையும் போர்டு சுற்றுவதற்கு முன்னால் அதன் விவரம் சுற்றியாக வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ‘மேலயா, கீழயா’ என்ற கேள்விக்கு இடமிருக்கிறது. ஐஐடிக்கும் இஸ்ரோவுக்கும் போன் எடுத்துக் கேட்க ஆளிருக்கும். நாகர்கோவிலில் மீன்பிடிப் படகுக்கு ஒரு கருவி செய்ய நினைக்கும் பெண்ணுக்கு? 2025 மார்ச்சில் மின்னணு பாகங்களின் உற்பத்திக்கென்று ஒன்றிய அரசு 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஏப்ரலில் தமிழக அரசும் தன் பங்குக்குத் திட்டம் அறிவித்தது. ஆலைகள் வரட்டும். ஆனால் அந்த ஆலையின் வாசலுக்குள் போகும் ஃபைலை எழுத லட்சக்கணக்கில் உரிமத்தொகை கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளே போகிறவர்கள் யார் என்பது முன்பே முடிவாகிவிடும்.

நல்லவேளையாக அப்படி முடிவாகவில்லை. 1992-இல் பிரான்சில் ழான்-பியேர் ஷரா என்ற பேராசிரியர் தொடங்கிய கிகேட் என்ற இலவச மென்பொருளை, ஜெனிவாவின் செர்ன் ஆய்வகம் பின்னாளில் கைகொடுத்து வளர்த்தது. அது கெர்பர் எக்ஸ்2 எழுதுகிறது. 2024-இல் வந்த எட்டாம் பதிப்பில் ஐபிசி-2581 எழுதக் கற்றது. 2025-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் ஓடிபி++-உம். நாங்கள் நான்கு பேர் காசைத் தொலைத்தபோது இல்லாத வசதி இன்று ஒரு முதலாமாண்டு மாணவியின் மடிக்கணினியில் சும்மா கிடக்கிறது. அவள் அனுப்பும் ஃபைலே ‘நான் கீழ் லேயர்’ என்று சொல்லும். அதைக் கேட்கத் தெரிந்த மென்பொருள் ஆலையிலும் இருந்தால், அந்த அண்ணன் போன் போட வேண்டியதில்லை.

*

பிரமாணத்துக்கு வருகிறேன். நல்ல தெளிவாக ஸ்கேன் செய்து பத்திரப்படுத்திவிடலாம் என்றுதான் அப்பாவிடம் முதலில் சொன்னேன். சொல்லும்போதே உறைத்தது. ஸ்கேன் என்பது கருப்பு வடிவங்கள். பழைய கெர்பர் ஃபைல் போலத்தான். படம் இருக்கும், எது எல்லை, எது கிணறு, எது பாதை என்பது பாட்டாவின் தலைக்குள் இருக்கும்.

மூன்று சாயங்காலம் பாட்டா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்து, தமிழில் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். கொல்ல ஆண்டு, மாதம், பக்கத்தில் ஆங்கிலத் தேதி. பழைய அளவு, பக்கத்தில் சென்ட். கிழக்கே யார் நிலம், இப்போது அது யாரிடம். புரியாத சொற்களுக்கு அவர் சொன்ன விளக்கத்தை ஓரத்தில் தனியாகக் குறித்துக்கொண்டேன். ஒரு இடத்தில் அவருக்கே சந்தேகம் வந்தது. “இங்கன ஒரு எழுத்து சரியாத் தெரியல மக்களே. தெரியலன்னே எழுதிக்கோ. நாளைக்கு வாறவன் பாத்துக்கிடட்டும்” என்றார். அப்படியே எழுதினேன்.

பாதையைப் பற்றியும் அதில் இருந்தது. கிணற்றுக்குப் போகும் வழி இரு வீட்டுக்கும் பொது. சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுவதையும் உட்கார்ந்து வாசித்தார். மடித்துத் திருப்பித் தரும்போது, “எனக்கும் ஒரு காப்பி எடுத்துத் தா” என்றார்.